பெயர் சொல்லாத இரங்கல்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்தால், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசத்தலையாற்று நீரும் அணைத்துக் கிடக்கும் மணல்நிலம் ஒன்று உளது. காட்டுப்பள்ளி என்பது அதன் பெயர். வலையும் இறாலும் நண்டுமாய் இருந்த அக்கரையில், 2013 முதல் துறைமுகமும் கப்பல் தளமும் நிமிர்ந்து நிற்கின்றன. 2022-இல் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ஒன்று பழுதுபார்க்கப்பெறுதற்காக அங்கு வந்து நின்றது. அக்கப்பலைக் கரையிலிருந்து பார்த்த மீனவனோ, இன்று தன் கடலுக்குள் போகுமுன் ஓர் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போக வேண்டியவனாய் உள்ளான்.

அவ்வட்டை வந்த வரலாறு பலருக்கு மறந்துபோயிற்று. 2008 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, கடல்வழியாக மும்பைக்குள் புகுந்த பதின்மர் 166 பேரைக் கொன்றனர். கொலைஞர் கடல்வழி வந்தனர் என்பதால், கடலையே வாழ்வாகக் கொண்டவர் அனைவரும் தாம் இன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டியவர் ஆயினர். கடலோர மீனவர்க்கு விரல்வரி பதித்த அடையாள அட்டை வழங்கும் திட்டத்தை நடுவணரசு 2009-இல் தொடங்கிற்று. படகுகட்குப் பதிவெண் வந்தது; மாநிலத்துக்கு ஒரு நிறம் வந்தது. ‘சாகர் கவச்’ என்னும் பெயரில் காவல் ஒத்திகையும் வந்தது. கடற்காவல் என்று சொல்லத் தில்லிக்கு நா எழவில்லை போலும்! ஒத்திகை நாள்களில், பிறந்தது முதல் தன் பாட்டனும் தந்தையும் ஓடிய நீரிலேயே மீனவன் நிறுத்தி உசாவப்படுகின்றான்.

இத்துணையும் வந்த அக்கரைக்கு வராதது ஒன்று உளது. அப்பதின்மரும் மும்பையை அடைந்தது குசராத்து மீன்பிடி படகு ஒன்றில். நடுக்கடலில் அதனைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர் ஐவரையும் கொன்ற பின்னரே அவர்கள் கரையேறினர். படகோட்டியின் உடல் மட்டும் படகிற் கிடந்தது. மற்றை நால்வர் உடலும் கிடைக்கவில்லை. உடல் இல்லை ஆகலின், இறந்தார் என்னும் சான்றினைப் பெறவே அக்குடும்பங்கள் நெடுநாள் அலைந்தன. மும்பைக் கொடுமையின் முதற்பலி மாளிகை விடுதியில் விழவில்லை. தொடர்வண்டி நிலையத்தில் விழவில்லை. ஒரு மீன்படகில் விழுந்தது. ஆயினும் ஆண்டுதோறும் நவம்பர் 26 வருங்கால் பேசப்படுவன விடுதிகளும் நிலையமும் உயரலுவலர் சிலருமே. காட்டுப்பள்ளி மீனவன் சுமந்து செல்லும் அட்டை அவ்வைவர் சாவின் வழியே அவனுக்கு வந்தது. அவர் பெயர் ஐந்தனுள் ஒன்றனையேனும் அவன் கேட்டிரான். அவனுக்கு அதனைச் சொல்லக் கடமைப்பட்ட இடமும் சொல்லவில்லை.

அவ்விடம் எது? குடிமக்கள் பெயரால் கூடும் அவையே அது. மக்கள் கொல்லப்பட்டால் மக்கள் அவை இரங்க வேண்டும், இரங்குகின்றது. எவ்வாறு இரங்குகின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மும்பை நிகழ்ச்சிக்குப் பின் நாடாளுமன்ற மக்களவை 2008 திசம்பர் 11-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. இத்தகைய தீர்மானங்கள் எந்நாட்டு அவையில் எழுந்தாலும் அவற்றின் போக்குப் பெரும்பாலும் ஒன்றே. செயலைக் கண்டித்தல், செய்தாரையும் தூண்டினாரையும் ஒறுப்போம் என்றல், நாட்டின் ஒற்றுமைக்கு ஊறு நேர விடோம் என்றல், இறுதியில் ‘உயிரிழந்தோர் குடும்பத்தார்க்கு ஆழ்ந்த இரங்கல்’ என்றல். கொன்றவனுக்கு நான்கு வரி, நாட்டிற்கு நான்கு வரி, இறந்தவனுக்கு ஒரு வரி. அவ்வொரு வரியிலும் அவன் ஓர் எண். பின்னர் எல்லாரும் எழுந்து சிறிது நேரம் வாய்மூடி நிற்பர். பின்னர் அடுத்த அலுவல்.

தமிழ்நாட்டுச் சட்டமன்றப் பேரவையில் இரங்கல் இருவகையாக அமைகின்றது. மறைந்த முன்னாள் உறுப்பினர்க்குப் பேரவைத் தலைவர் படிப்பது இரங்கற் குறிப்பு. பெருந்தலைவர்க்கும் பேரிடர்க்கும் கொண்டுவரப்படுவது இரங்கல் தீர்மானம். முதல்வகையைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். இன்னார், இன்ன தொகுதியினின்று, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டுவரை உறுப்பினராய் இருந்தார், இன்ன நாளில் மறைந்தார் என்று அதில் வரும். பெயரும் ஊரும் செயலும் நாளும் அதில் உள. ஆகவே ஒருவனைப் பெயர் சொல்லி எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பதை அறியாத அவை அன்று அது. நன்கறிந்த அவையே, தன் உறுப்பினர்க்கு மட்டும் அதனைச் செய்துகொள்கின்றது. இங்கிலாந்தின் கீழவையிலும் இதே நிலைதான். 1979-இல் நாடாளுமன்ற ஊர்தி நிறுத்தத்திலேயே குண்டுக்கு இரையான ஏரி நீவ் முதலாக, 2016-இல் கொல்லப்பட்ட சோ காக்சு, 2021-இல் கொல்லப்பட்ட தேவிட்டு ஏமெசு என உறுப்பினர் பலருக்கு அவ்வவைச் சுவரில் பெயர்க்கேடயம் பதித்துள்ளனர். நன்று, அவர்களும் உயிர்களே. ஆனால் சுவர் உறுப்பினர்க்கும், எண் குடிமகனுக்கும் என்றால் அவை யாருடையது?

காசுமீரத்துப் பகல்காமில் 2025 ஏப்பிரல் 22-ஆம் நாள் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட மறுநாளே தமிழ்நாட்டுப் பேரவை எழுந்து நின்று அமைதி காத்தது. தொலைநிலத்து இறப்புக்கு மறுநாளே இரங்கும் நெஞ்சு போற்றத்தக்கது. ஆயின் அவ்வாறு எழுந்து நின்று வாய்மூடியிருக்கும் வழக்கம் தமிழர் வழக்கன்று. முதல் உலகப் போரில் மாண்டார்க்காக, 1919 நவம்பர் 11-ஆம் நாள் பேரரசு முழுவதும் இரண்டு மணித்துளி வேலை நிறுத்தி அமைதி காக்க வேண்டுமென்று ஐந்தாம் சார்சு மன்னர் விடுத்த வேண்டுகையே அதன் பரவலுக்கு வேர். ஆங்கிலேயன் போனான்; அவன் அமைதி தங்கிற்று. அதற்கு ‘மௌன அஞ்சலி’ என்று வடசொல்லிற் பெயரும் இட்டாயிற்று. உருவம் ஆங்கிலம், பெயர் வடமொழி. இறந்தவன் மட்டும் தமிழன்!

அமைதியை இகழ வேண்டுவதில்லை. பல்வேறு சமயத்தார் ஒருங்கு கூடுமிடத்தில் ஒருவர் வழிபாட்டை மற்றவர்மேல் ஏற்றாமல் இருக்க அது உதவுகின்றது. ஆனால் தமிழன் சாவு வீட்டில் அமைதி இல்லை. காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ மீனவர் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், பெண்டிர் வட்டமாய் அமர்ந்து கட்டியழுவர். அவ்வழுகையில் இறந்தான் பெயர் வரும். அவன் முறைப்பெயர் ஒவ்வொன்றும் வரும். அவன் பட்ட கடனும் கட்டி முடியாத வீடும் வரும். ஏன் போனாய் என்னும் வினா வரும். உன்னை இந்நிலைக்கு ஆக்கினவன் எவன் என்னும் வினாவும் வரும். பாரி மாண்ட பின் கபிலர் இரண்டு மணித்துளி வாய்மூடி நின்றுவிட்டுப் போகவில்லை. கையறுநிலை என்று ஒரு துறையே தமிழில் ஏற்பட்டது அவர் போன்றார் வாய் திறந்து அழுததனால். வாய்மூடி நிற்பார்க்கு வினா இல்லை. அவரை வினவுவாரும் இல்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் பிணங்காமல் ஒருங்கே செய்யும் செயல் அஃது ஒன்றாய் இருப்பது இதனாற் போலும்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இக்கொலைகளைக் குறிக்க அவைகளிலும் நாளிதழ்களிலும் ‘பயங்கரவாதம்’ என்றும் ‘தீவிரவாதம்’ என்றும் இரு சொற்கள் மாறிமாறி வழங்குகின்றன. இரண்டும் வடசொல் என்பது ஒருபுறம் இருக்க, இரண்டும் ஒன்றல்ல என்பது அதனினும் பெரிது. முன்னது அச்சமூட்டுதலைக் குறிப்பது. பின்னது கருத்தில் முனைந்து நிற்றலை மட்டும் குறிப்பது. கருத்தில் முனைந்தவன் ஓர் எறும்பையும் கொல்லாதவனாய் இருத்தல் கூடும். இரண்டையும் ஒன்றாக்கி எழுதியதன் பயனாக, மொழிக்கும் மண்ணுக்கும் உரத்துப் பேசினான் என்பதற்காகவே ஒருவனைக் கொலைஞர் வரிசையில் நிறுத்துவது எளிதாயிற்று. படைக்கலம் ஏந்தாதாரை, அவர் சாவைக் கண்டு பிறர் அஞ்சுதற்பொருட்டுக் கொல்லுவதை வன்கொலை என்றாற் போதும். அச்சொல் யார் கையில் குண்டு இருந்தது என்று பாராது. யார் கையில் ஒன்றும் இல்லை என்றே பார்க்கும்.

தமிழர் இறந்தாரை நினைவுகூர்ந்த முறைக்குக் கல்லே சான்று. நடுகல் அமைக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படியாகத் தொல்காப்பியர் வகுத்தார். கல்லைத் தேர்ந்து, நாள் கொண்டு, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் ஊரார் கூடிச் செய்யும் வேலை; எழுந்து நின்று அமர்வதன்று. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்கள் கிறித்துவுக்கு முற்பட்டவை என்பர் கல்வெட்டறிஞர். அவற்றுள் ஒன்றில் தமிழி எழுத்தில் பொறித்திருப்பது மிகச் சிறிதே: கூடலூர் ஆகோளில் பட்டவன் பெயரும் அவ்வூர்ப் பெயரும் அந்நிகழ்ச்சியும். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அவன் அந்தவன். அவன் இறந்தது கூடலூர்ப் பூசலில். அரசன் பெயர்கூட அதில் இல்லை.

இதனினும் வியப்புக்குரியது செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் உள்ள கல். பல்லவன் மயேந்திரவன்மனது 34-ஆம் ஆட்சியாண்டில், எருமை மந்தையைக் காக்கப் பொருது மாண்ட ஒருவனுக்கு நட்டது அது. அவன் உருவத்தின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவன் பக்கம் விடாது காத்திருந்த நாய் அது. அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டுக் கல்தச்சனுக்கு நாயின் பெயரும் தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால் ஊராரைக் கேட்டு எழுதினான். இருபத்தோராம் நூற்றாண்டின் அவைச் செயலகத்திற்கு மாந்தன் பெயரும் கேட்க நேரமில்லை.

நடுகல் பொருது மாண்டவனுக்கு உரியது, கடைத்தெருவில் குண்டு வெடித்து இறந்தவன் மறவன் அல்லனே என்று சிலர் கூறலாம். கூறுவது மெய். ஆனிரை மீட்கப் போனவன் தான் எதற்குச் சாகின்றான் என்பதை அறிவான். அவனுக்குப் பின்னால் ஓர் ஊர் நின்றது. கடைத்தெருவில் இறந்தவனுக்கு எதற்கென்றே தெரியாது. அவனைக் கொன்றவனுக்கும் அவன் இன்னான் என்று தெரியாது. அவன் பெயர் அறியாமையே அக்கொலையின் இயல்பு. எவனாயினும் ஆகுக என்று எண்ணிக் கொன்றவன் கையில் அவன் எண்ணாயினான். அவைக்கு வந்தும் அவன் எண்ணாகவே இருப்பின், கொன்றவன் தொடங்கியதை அவை முடித்துவைத்ததாகாதா? மறவனுக்குக் கல் சிறப்பு. இவனுக்குப் பெயர் கடன்.

இது நடவாத ஒன்றன்று. நார்வேயில் 2011 சூலை 22-ஆம் நாள் ஒருவன் 77 பேரைக் கொன்றான். இறந்தாருள் பலர் இளையோர். அந்நாட்டு நாடாளுமன்றம் ஆகத்து 1-ஆம் நாள் மன்னர் முன்னிலையிற் கூடியபோது, அவைத்தலைவர் 77 பெயரையும் படித்தார். நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் இசுலாமியத் தொழுகையிடங்கள் இரண்டில் 51 பேர் கொல்லப்பட்டனர். தலைமை அமைச்சர் செசிந்தா ஆர்டன் நாடாளுமன்றத்தில், கொன்றவன் பெயரைத் தாம் ஒருகாலும் சொல்லப்போவதில்லை என்றும், இழந்தோர் பெயரையே சொல்லுங்கள் என்றும் வேண்டினார். புகழுக்குக் கொல்பவனுக்குப் பெயரை மறுத்து, இறந்தவனுக்கு அதனைத் திருப்பிக் கொடுத்த செயல் அது. இசுபெயின் நாட்டு மக்களவையோ இன்னும் பின்னோக்கிச் சென்றது. வன்கொலைக்கு இரையானார் நினைவுநாளாக அது 2010-இல் தேர்ந்தது சூன் 27. 1960-ஆம் ஆண்டு அந்நாளில் ஒரு தொடர்வண்டி நிலையத்துக் குண்டில் எரிந்து இறந்தது ஒரு கைக்குழந்தை. அரை நூற்றாண்டு யாரும் கணக்கிற் கொள்ளாதிருந்த குழந்தை அது.

அயல்நாடு நோக்க வேண்டுவதும் இல்லை. பகல்காம் கொலைக்குப் பின் 2025 ஏப்பிரல் 28-ஆம் நாள் சம்மு காசுமீர்ச் சட்டமன்றம் அதற்கெனவே கூடிற்று. முதலமைச்சர் உமர் அப்துல்லா 26 பெயரையும் அவரவர் மாநிலத்தொடு அவையிற் படித்தார். விருந்தினராய் அழைத்தவன் தானே ஆயினும் அவர்களைப் பாதுகாப்பாய்த் திருப்பி அனுப்ப இயலவில்லை, அக்குடும்பங்களிடம் பொறுத்தருளக் கேட்கச் சொல் இல்லை என்றார். அப்பெயர்களுள் ஒன்று, வந்தாரைக் காக்க முற்பட்டு இறந்த உள்ளூர்க் குதிரைக்காரர் பெயர். பெயர் படிக்கப்பட்டமையாற்றான் இறந்தார் எல்லாரும் ஒரே ஊரார் அல்லர், ஒரே சமயத்தார் அல்லர் என்பது அவைக் குறிப்பில் ஏறிற்று. எண் மட்டும் சொல்லியிருந்தால் ஏறியிராது.

ஆயினும் பெயர் படித்தலும் தீங்கின்றி நிகழ்வதன்று. அதே ஆண்டு சூலை 29-ஆம் நாள் மக்களவையில் பிரியங்கா காந்தி, பகல்காமில் இறந்த இந்தியர் 25 பேரின் பெயரைப் படித்தார். ஒவ்வொரு பெயரின் பின்னும் ஆளுந்தரப்பு இருக்கைகளினின்று ‘இந்து’ என்று குரல் எழுந்தது. எதிர்த்தரப்பினின்று ‘பாரதியர்’ என்று மறுகுரல் எழுந்தது. பிணத்தின் மேலும் கொடி நடும் போட்டி! ஆகலின் பெயரைப் படிப்பார் கட்சித்தலைவராய் இருத்தல் கூடாது. அவைத்தலைவரே படித்தல் வேண்டும். முன்னாள் உறுப்பினரின் இரங்கற் குறிப்பை அவர் படிக்கும்போது யாரும் இடைக்குரல் எழுப்புவதில்லை என்பது நினையத்தக்கது.

நாடாளுமன்றத்தின் மேலேயே 2001 திசம்பர் 13-ஆம் நாள் தாக்குதல் நிகழ்ந்தது. உயிரிழந்தோருள் தில்லிக் காவலர், அவைக் காவற்பணியாளர், சேமக் காவற்படைப் பெண் காவலர் கமலேசு குமாரி, தோட்டப் பணியாளர் ஒருவர் ஆகியோர் இருந்தனர். உள்ளே இருந்த உறுப்பினர் ஒருவருக்கும் ஊறில்லை. அந்நாளில் ஆண்டுதோறும் தலைவர்கள் பூத்தூவி வணங்குகின்றனர்; அது முறையே. 2023-ஆம் ஆண்டு அதே நாளில், காலையிற் பூத்தூவி முடித்த சில மணிநேரத்திற்குள் மக்களவைப் பார்வையாளர் மாடத்தினின்று இருவர் உள்ளே குதித்துப் புகைக்குப்பியைத் திறந்தனர். அதுபற்றி உள்துறை அமைச்சர் அவையில் விளக்கம் தர வேண்டும் என்று கேட்ட எதிர்க்கட்சியினர் இரு அவையிலுமாக 146 பேர் அக்கூட்டத்தொடரில் நீக்கிவைக்கப்பட்டனர். நினைவேந்தல் என்பது பூவோடு முடிந்துவிட்டால் நிகழ்வது இது. காவல் ஏன் தவறிற்று என்று கேட்பதும் இறந்த காவலர்க்குச் செய்யும் வணக்கத்துள் ஒன்றே.

கனடாவின் வரலாறு வேறொரு பாடம். 1985 சூன் 23-ஆம் நாள் அயர்லாந்துக் கடல்மேல் இந்திய வானூர்தி குண்டினாற் சிதறி 329 பேர் மாண்டனர். பெரும்பான்மையோர் கனடாக் குடிமக்கள். எனினும் கனடாவின் அந்நாளைத் தலைமை அமைச்சர் இந்தியத் தலைமை அமைச்சர்க்கு இரங்கல் சொன்னார்! நிறத்தாலும் பெயராலும் அயலாராய்த் தோன்றியவரைத் தம் குடிமக்கள் என்று உணர அந்நாட்டிற்கு இருபது ஆண்டு ஆயிற்று. 2005-இல் சூன் 23 வன்கொலைக்கு இரையானார் நினைவுநாளாக அறிவிக்கப்பட்டது. 2010-இல் தலைமை அமைச்சர் ஆர்ப்பர் அக்குடும்பங்களிடம் பொறுத்தருள வேண்டினார். யாருக்கு இரங்க வேண்டும் என்பதிலேயே ஓர் அரசு பிழை செய்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

அத்தகைய பிழை தமிழ்நாட்டிலும் உளது. கோவையில் 1998 பிப்பிரவரி 14-ஆம் நாள் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் அந்நாள் நினைக்கப்படுகின்றது. அதற்கு இரண்டரைத் திங்கள் முன்பு, 1997 நவம்பர் இறுதியில், காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அதே நகரில் இசுலாமியர் 18 பேர் காவலர் சூட்டிலும் கலவரக் கும்பலாலும் கொல்லப்பட்டனர். அவர் நினைக்கப்படுவது அவர் தெருவில் மட்டுமே. ஒன்றைச் சொல்பவர் மற்றதைச் சொல்வதில்லை. 58 பேரைச் சொன்னால் ஒரு கட்சிக்கு ஆக்கம், 18 பேரைச் சொன்னால் மற்றொரு கட்சிக்கு ஆக்கம் என்று கணக்கிடப்படுகின்றது. அக்காவலரையும் சேர்த்துப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஏட்டில், ஒரே அவைத்தலைவர் குரலில் வந்தாலன்றி, ஒரு சாவு மற்றொரு சாவுக்கு விடையாகச் சொல்லப்படுவது நில்லாது.

திருப்பெரும்புதூரில் 1991 மே 21-ஆம் நாள் இராசீவ் காந்தியோடு இறந்தார் பத்துப் பேருக்கும் மேலாவர். அவருட் பலர் காவல் பணியில் நின்ற தமிழர். மே 21-இல் அரசு அலுவலகந்தோறும் உறுதிமொழி எடுக்கப்படுகின்றது. எடுப்பாருள் எத்துணைப் பேருக்கு அவருடன் இறந்த ஒரு காவலர் பெயர் தெரியும்?

இனித் தமிழ் உணர்வாளர் தம் நெஞ்சைத் தாமே தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உளது. 1984 ஆகத்து 2-ஆம் நாள் இரவு மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்பு செல்லும் வானூர்தியில் ஏற்றுதற்கு வைத்த பெட்டி அது; ஏற்றப்படாமல் நிலையத்திலேயே வெடித்தது. வைத்தவர் ஈழத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு குழுவினர். மாண்டாருள் இலங்கையர் பலர். ஓராண்டுக்கு முன், 1983 சூலையில், வெலிக்கடைச் சிறையில் 53 தமிழர் குத்தியும் அடித்தும் கொல்லப்பட்டமைக்குக் கொதித்தெழுந்த அதே தமிழ்நாட்டில், மீனம்பாக்கத்தில் மாண்டாரைப் பற்றி உணர்வாளர் மேடைகள் பேசியது குறைவு. வெலிக்கடையில் இறந்தவன் கையில் படைக்கலம் இல்லை. மீனம்பாக்கத்தில் இறந்தவன் கையிலும் இல்லை. முன்னதை வன்கொலை என்று சொல்லும் வாய், பின்னதைச் சொல்லத் தயங்குமாயின், உலக அவைகள் ஈழத்தமிழர் சாவைச் சொல்லத் தயங்குவதைக் குறைகூற அவ்வாய்க்கு உரிமை குறைந்துபோகும்.

உலக அவைகள் தயங்கியது உண்மை. அரசே கொன்றால் அதனை வன்கொலை என்று எழுதும் பழக்கம் அவைகட்கு இல்லை. முள்ளிவாய்க்காலில் 2009 மே திங்களில் மாண்டார் பெயரை இலங்கை நாடாளுமன்றம் படிக்கவில்லை. வடக்கு மாகாண அவை 2015 பிப்பிரவரி 10-ஆம் நாள் அது இனக்கொலை என்று தீர்மானித்தது. கனடாவின் மக்களவை 2022 மே 18-ஆம் நாளைத் தமிழர் இனக்கொலை நினைவுநாளாக ஒருமனதாக ஏற்றது. வானூர்தியில் மாண்ட தன் மக்களையே அயலார் என எண்ணிய நாடு, முப்பத்தேழு ஆண்டு கழித்து அயலார் சாவையும் நினைக்கக் கற்றது. தமிழ்நாட்டுப் பேரவையும் ஈழம் பற்றித் தீர்மானங்கள் இயற்றியுள்ளது. 2013-இல் பொதுவாக்கெடுப்பு வேண்டியதும் அதனுள் ஒன்று. அவை வலிய தீர்மானங்களே. ஆயினும் அவை வேண்டுகைகள், ஒப்பாரி அல்ல.

பேரவை செய்ய வேண்டியது பெரிதன்று. எந்த வன்கொலைக்கு இரங்கினாலும் அமைதிக்கு முன் இறந்தார் பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றையும் பேரவைத் தலைவர் படித்தல் வேண்டும். ஒரு பெயர்க்கு ஐந்து நொடி எனின் 58 பெயர்க்கு ஐந்து மணித்துளியும் ஆகாது. படித்த பெயர்கள் அவைக் குறிப்பில் ஏறுதல் வேண்டும். அக்குறிப்பின் படி இறந்தார் குடும்பத்திற்கு அவர் மொழியிலேயே மடலாகச் செல்லுதல் வேண்டும். இறந்தவர் அசாமியர் எனின் அசாமியத்தில், சிங்களர் எனின் சிங்களத்தில். தன் மொழியில் அழ உரிமை வேண்டும் என்பவன் பிறனுக்கும் அதனைக் கொடுத்தாக வேண்டும். கோவையும் மீனம்பாக்கமும் திருப்பெரும்புதூரும் விட்டுப்போன பழங்கடன். இசுபெயினைப் போல் பின்னோக்கிச் சென்றும் அவற்றைத் தீர்க்கலாம். காலம் தாழ்ந்தது என்பது பெயரைச் சொல்லாமைக்கு விடையாகாது. புலிமான்கோம்பைக் கல் மண்ணுக்கடியிலிருந்து எழ ஈராயிரம் ஆண்டு ஆயிற்று.

பட்டியல் எங்கே கிடைக்கும் என்று செயலகம் கேட்கலாம். பிணக்கூறு ஆய்வு செய்த மருத்துவமனையில் உளது. இழப்பீடு கொடுத்த வருவாய் அலுவலகத்தில் உளது. கடலோடியாயின் அவன் மடியிலேயே உளது. காட்டுப்பள்ளி மீனவனின் அட்டையில் அவன் பெயர் இருக்கின்றது, தந்தை பெயர் இருக்கின்றது, ஊர் இருக்கின்றது, உருவமும் இருக்கின்றது. நடுகல்லில் இருந்தவையும் இவையே. அவனை ஐயுற்று உசாவுதற்காக அரசே திரட்டிய செய்தி அது. விடியுமுன் படகைத் தள்ளும்போது அதனை அவன் நெகிழிப்பையிற் சுற்றி, உப்புநீர் படாதவாறு இடுப்பிற் செருகிக்கொள்கின்றான்.